பெரிய பம்ப்

மனைவி இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு, நான் மகளிடம் ஒன்று சொன்னேன். "நீ அண்டைக்கு ஃபோனை எடுத்திருந்தா அம்மா இருந்திருப்பா."

நெஞ்சு வலி வந்தபோது மனைவி அவளுக்கு அழைத்தது உண்மை. மகள் வேலை செய்யும் கந்தோரில் கூட்டத்தில் இருந்தாள், ஃபோன் சத்தமில்லாமல் பைக்குள் கிடந்தது. ஆனால் மனைவி முதலில் அழைத்தது எனக்கு. நான் கராஜில் காரின் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன், என் ஃபோன் பின் சீட்டில் கிடந்தது. இரண்டு முறை அழைத்திருக்கிறாள். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஃபோனிலிருந்தும் அழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வெள்ளவத்தையில் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். "சாப்பிட்டியா", "ஓம்", அவ்வளவுதான் கதை. பிறகு அவளுக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. எயார்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை. கட்டுநாயக்கா போய்ச் சேர்வதற்குள் அந்த இரண்டு அழைப்புகளையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா பெற்றோல் பம்ப் சாக வேண்டும்!

அது பழைய ஜப்பான் கார். இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர் எரிந்து, வேறு கிடைக்காமல், ஜிந்துப்பிட்டி மெக்கானிக் ஒருவர் காபரேட்டருக்கு மாற்றித் தந்திருந்தார். அவரிடமே போனேன். கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பம்பைக் காட்டினார்.

"ஐயா, காபரேட்டருக்கு இது போதும். பழைய மாதிரிப் பெரிய பம்ப் போட்டா ரொம்ப வேகமாத் தள்ளும். ஓடுறப்போ தெரியாது. டிராஃபிக்ல நின்னா பெற்றோல் மேல வந்து வழியும், எஞ்சின் நின்னுரும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி, நான் என்ர பிள்ளையை எயார்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன். விளையாட்டுச் சாமான் வேண்டாம்."

பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, இருந்ததிலேயே பெரிய பம்பை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் மறுபேச்சில்லாமல் பூட்டித் தந்தார்.

புறப்பட்ட அன்று கார் பறந்தது. திம்பிரிகஸ்யாயவில் தொண்டையைச் செருமினேன். பொரளையில் "குளிருக்கு உடுப்பு எடுத்தியா?" என்று கேட்டேன். தெமட்டகொடையில் "பிள்ளை..." என்று தொடங்கினேன், அவளுக்கு ஒரு ஃபோன் கோல் வந்தது. அவள் கதைத்து முடிக்கும்போது ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தோம். பெற்றோல் மணம் குப்பென்று வந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

பொனட்டைத் திறந்தால் காபரேட்டரைச் சுற்றிப் பெற்றோல் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தேன், ஊதினேன், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். மெக்கானிக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் ஏசினேன்.  மகள் மணியைப் பார்த்தாள், ஃபோனில் ஒரு டாக்சியைக் கூப்பிட்டாள்.

சின்னப் பம்பைப் பிற்பாடு பூட்டினேன். இன்றுவரை கார் ஓர் இடத்திலும் நின்றதில்லை. மெக்கானிக் என்னை ஒரு ஏச்சு ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனிதர் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அன்று டாக்சி வந்தது. டிரைவர் பெட்டிகளை ஏற்றினார். என் கை முழுக்கப் பெற்றோல், அவள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. கட்டிப்பிடிக்கவும் முடியாமல் நின்றேன். அவள் ஏறி இருந்துகொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, அண்டைக்கு ஃபோன் எடுக்காததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவ்வளவு நாளும் கேக்கப் பயமா இருந்தது."

 பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்தபடி இருந்தான். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. அம்மா எனக்கும் கோல் எடுத்தவ பிள்ளை, நானும் பாக்கேல்லை. இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம்.

"பரவாயில்லை பிள்ளை. நான் மன்னிச்சிட்டன்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "தாங்க்ஸ் அப்பா" என்றாள்.