நாலு கோடும் ஒரு தாச்சியும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பையில் புதிதாக வாங்கிய மூன்றாவது சிம். (முதல் இரண்டும் என்ன பாடுபடுத்தின என்று நான் எழுதும் இந்தப் பத்தியில் ஏற்கெனவே போதுமான அளவு அழுதாகிவிட்டது.) போனில் பழைய சிம்மிலேயே ஒரு சமையல் வீடியோ. அது ஓடியது... ஓடியது... ஓடிக்கொண்டே இருந்தது.

"நங்கி, பஹின்னே நெத்த?"

இறங்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்கிறார் கண்டக்டர். நிமிர்ந்தால், நான் இறங்க வேண்டிய கடுகண்ணாவை டவுன் எப்போதோ பின்னால் போய்விட்டது. பஸ், மலை வளைவுகளில் ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருக்கிறது!

வீடியோ நடுவில் நிற்கவில்லை. அதனால்தான் நான் நிமிரவே இல்லை. எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா? போனின் மூலையைப் பார்த்தேன். சிக்னல் — ஒரே ஒரு கோடு.

வீட்டில் நாலு கோடு இருக்கும்போது சுற்றிக்கொண்டே நிற்கிற வீடியோ, இந்தக் காட்டு வளைவில் ஒற்றைக் கோட்டில் ஓடுகிறதே... எப்படி?

அந்த இடத்தில்தான் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. அடுத்த ஹோல்ட்டில் குதித்து இறங்கி, எதிர்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று புதிய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் வடிவமைக்கும் ஒரு கொழும்புக் கம்பனியில், வீட்டிலிருந்தே வேலை எனக்கு. இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டு தடவை க்ளையன்டுக்கு ஸ்கிரீனைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிருக்கிறேன். இரண்டாவது தடவை என் முகம், வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி உறைந்துபோய் நின்றதாம். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கே அனுப்பினாள் மடவளையில் இருக்கும் என் டீம் தோழி பஸ்மியா.

எங்கள் டீம் லீடர் யாழ்ப்பாணத்துக்காரர். திட்டத் தெரியாதவர். அதுதான் பயமே.

"ஓம் தங்கச்சி, எனக்கு விளங்குது. ஆனா க்ளையன்டுக்கு விளங்காது. வெள்ளிக்கிழமை டெமோவும் கட் ஆனா, நீர் கொழும்புக்கு வாறதைப் பற்றி யோசியும்."

கொழும்புக்கா? வியர்வையில் ஊறிக்கொண்டு, நாலு பேரோடு ஓர் அறையிலா? அதுகூடப் பரவாயில்லை. மலையிலிருந்தே உலகத்துக்கு வேலை செய்யலாம் என்று இதே பத்தியில் மார்தட்டியவள் நான். எந்த முகத்தோடு பெட்டி கட்டுவது? ஸ்கிரீன்ஷொட்டில் இருக்கும் அந்த முகத்தோடா?

சரி, பல்புக்கு வருவோம்.

எங்கள் வரிசையில் எல்லா வீடுகளும் டவுன் டவரைப் பார்த்தபடி இருக்கின்றன. போன் பேசுவதென்றால் வாசலுக்கு வருவோம். பக்கத்து வீட்டு அங்கிள் மதில் மேல் ஏறியே பேசுவார். சிம் போட்டு ஓடும் ரூட்டருக்கு வீட்டில் மிகக் கௌரவமான இடம் — முன் ஜன்னல். எல்லாருக்கும் நாலு கோடு. எல்லாருக்கும் ஒரே டவர்!

பைப்படியை நினைத்துப் பாருங்கள். பைப் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஊரே குடத்தோடு நின்றால்? கோடுகள் சொல்வது பைப் எவ்வளவு பக்கம் என்பதை மட்டும்தான். முன்னால் நிற்கும் குடங்களை அவை காட்டுவதில்லை.

பஸ் இறங்கிய பள்ளத்தாக்குப் பக்கம் வேறொரு டவர் இருக்க வேண்டும். தூரத்து டவர். கூட்டமில்லாத டவர். எங்கள் வீட்டின் பின்பக்கமும் அதே பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறது!

பின்பக்கம் என்ன இருக்கிறது? துணி துவைக்கும் கல்லும் கோழிக்கூடும். ரூட்டரையும் ஒரு கதிரையையும் அங்கே தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நாலு கோடு இருக்கிற எடத்த விட்டுட்டு, ஒத்தக் கோட்டைத் தேடிப் போற புள்ளைய நான் இப்பதான் பாக்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்கம்மா."

"கோழிக்கூட்டுப் பக்கத்துலதான் ஆபீஸ்னு அவங்களுக்குத் தெரியுமா?"

ஆனால் ரூட்டரும் எங்கள் ஊர்க்காரன்தானே! பின்பக்கம் வந்தும் டவுன் டவரையே எட்டி எட்டிப் பிடித்தது. அதன் கண்ணைக் கட்ட வேண்டும். சிக்னலை மறைக்க உலோகம் வேண்டும். குசினிக்குள் ஓடினேன். வடை பொரிக்கிற பெரிய அலுமினியத் தாச்சி! அதைத் துணி காயப்போடும் கொடிக் கம்பத்தில், ரூட்டருக்கும் டவுனுக்கும் நடுவில் தொங்கவிட்டேன்.

நாலு கோடு மூன்றாகி, இரண்டாகி... ஒன்று.

வீடியோவைத் தட்டினேன். ஓடியது! பஸ்மியாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"அல்லாவே! ஒங்கட மொகம் அசையிது புள்ள!"

வெள்ளிக்கிழமை காலை. அவுஸ்திரேலியாவில் செருப்புக் கடை வைத்திருக்கும் அம்மணி திரையில். ஓரத்தில் டீம் லீடர். நான் மேலுக்கு நல்ல பிளவுஸ், காலுக்குப் பாட்டா செருப்பு, காலடியில் கோழி. ஸ்கிரீனைக் காட்ட ஆரம்பித்தேன். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கமும் போனது.

அப்போது பார்த்து அடித்தது பள்ளத்தாக்குக் காற்று. தாச்சி கம்பத்தில் ஆடியது. அம்மணியின் குரல் ரோபோ மாதிரி துண்டு துண்டானது. டீம் லீடர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குத் தெரியும், அவர் கண்ணாடியைக் கழற்றினால் அது கொழும்பு டிக்கட்.

கண்ணாலேயே அம்மாவைக் கெஞ்சினேன். பருப்பு அரைத்த கையோடு ஓடி வந்தார். தாச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார். குரல் சேர்ந்தது. படம் தெளிந்தது.

"எவ்வளவு நேரம்டி?" என்று கிசுகிசுத்தார்.

மைக்கை மூடிக்கொண்டு, "கொஞ்ச நேரம்மா."

"பெரிய ஆளுங்களோட பேசுற... நீ கதிரைய ஆட்டாமப் பேசு. நான் பாத்துக்கிறேன்."

மூன்றாம் பக்கம், நாலாம் பக்கம், காசு கட்டும் பக்கம் எல்லாம் காட்டி முடித்தேன். ஒரு தடவைகூடச் சுற்றவில்லை! கடைசியில் அம்மணி ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சட்டி தெரிகிறதே... அதுவும் உங்கள் டிசைனா?"

உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கோழி பயந்து ஓடியது. அம்மாவைக் காட்டச் சொன்னார். அம்மா தாச்சியை விடாமலே எட்டிப் பார்த்து, "ஹலோ மெடம்" என்றார்.

கோல் முடிந்ததும் டீம் லீடர் மட்டும் லைனில் நின்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"உம்மைக் கொழும்புக்கு எடுத்தா அம்மாவையும் எல்லோ எடுக்க வேணும்? அங்கேயே இரும். லெட்டர் திங்கட்கிழமை வரும்."

வந்துவிட்டது! நிரந்தர வேலை. வீட்டிலிருந்தே. இந்த வரிகளைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன் ஜன்னலில் இப்போது ஒரு பூச்சாடி. பக்கத்து வீட்டு அங்கிளும் மதிலிலிருந்து இறங்கி, பின்பக்கமாக நடமாட ஆரம்பித்திருக்கிறார்.

நிறையக் கோடுகள் தெரிகிற பக்கமே எல்லாரும் நிற்கிறோம். போன் விஷயத்தில் மட்டும்தானா, என்ன?

நேற்று பஸ்மியா அழைத்தாள். வரும் புதன்கிழமை அவளுக்கு டெமோ. அவளுக்கும் அதே கதை, கட் ஆனால் கொழும்பு.

"எங்கட ஊட்டுலயும் நாலு கோடும் ஈக்கிது. ஒண்டும் ஓடுதில்ல புள்ள. சுத்தி வர மாடிக் கடைகள். எனக்குப் பயமா ஈக்கிது."

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "உங்க வீட்டில் யாருமே போனோடு போகாத இடம் எது?"

கொஞ்சம் யோசித்தாள். "மேல, தண்ணி டேங்குக்குப் பின்னால. வாப்பாகூட அங்க ஏறுறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை மடவளை பஸ் ஏறுகிறேன். டேங்குக்குப் பின்னால் ஒற்றைக் கோட்டைப் பிடிக்க வேண்டும். அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"தாச்சி மட்டும் போதுமா... இல்ல, நானும் வரணுமா?" என்று கேட்டுக்கொண்டே சேலையை எடுக்க அலுமாரியைத் திறந்துவிட்டார்.