நீலச் சட்டைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவித்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, மடியில் கொட்டிக்கொண்டு உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் மகள் கைப்பேசியைப் பார்த்து, சனி ஞாயிறு ஜெர்மன் கால்பந்து லீக்கில் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று வாசித்துக்காட்டினாள். நாளை ராத்திரி எட்டு மணிக்கு நீலச் சட்டை அணியும் சிவப்புச் சட்டை அணியும் ஆடுகின்றன.

"'இரு அணிகளுமே திறமையானவை. விறுவிறுப்பான ஆட்டத்தை எதிர்பார்க்கலாம்'னு போட்டிருக்குப்பா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா நீலம் கடைசில கீது. பாவம்பா உன் டீமு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. உரித்த கொட்டையை மடியிலேயே போட்டுவிட்டேன். அவள் மேல் கோபமில்லை. அந்த முன்னோட்டத்தை எழுதியவன் மேல்தான். மோதப் போகிற இரண்டு அணியையும் ஒரே மாதிரி தடவிக்கொடுத்து எழுதுகிறவனுக்குப் பந்தாட்டம் எதற்கு? கல்யாணப் பத்திரிகை எழுதலாமே.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, இரண்டு அணிகளுக்கும் நீளமான ஜெர்மன் பெயர்கள் உண்டு. நீலத்தின் பெயரை என் வாயால் சொல்லிக் கெடுக்க மனசில்லை. சிவப்பின் பெயரைச் சொல்ல எனக்கு வாயே வராது. நிறத்தை வைத்தே புரிந்துகொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் இந்த மாதிரி முன்னோட்டம் எழுதியவன்தான். திண்டிவனம் முழுக்கப் படித்தது. படித்துவிட்டுத் திட்டியது என்பது வேறு கதை. இல்லை, அதுதான் கதையே.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திண்டிவனத்தில் ஒரு கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடியில் பெரிய குடை ஆன்டெனா, கீழே சின்ன அறை, அதற்குள் வரிசையாக ரிசீவர்கள். சூடேறிய தூசியும் முதலாளி ஏற்றி வைக்கும் ஊதுபத்தியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் பழைய ரேடியோ எதையாவது பின்பக்கம் திறந்தால் அந்த வாசனை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஊருக்கென்று எங்களிடம் ஒரு லோக்கல் சேனல் இருந்தது. அதில் படம் ஓடும். படத்தின் அடியில் எழுத்து ஓடும். காதணி விழா வாழ்த்து, புதிதாகத் திறந்த துணிக்கடை, காணாமல்போன ஆடு. யாராவது இறந்துவிட்டால் கறுப்புக் கட்டம் போட்டுப் படத்தோடு கண்ணீர் அஞ்சலி. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை.

விளையாட்டுச் சேனலுக்கு ஒரே ஒரு ரிசீவர்தான். கிரிக்கெட் இல்லாத சனிக்கிழமைகளில் அதில் ஜெர்மன் லீக் வரும். ஊரில் எவனும் பார்க்க மாட்டான். ரிசீவரை யாரும் மாற்றாதபடி வைத்துவிட்டு வந்து, ராத்திரி வீட்டில் நான் மட்டும் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில்தான் நீலத்தின் மேல் பிரியம் வந்தது. மூன்று கோல் வாங்கிக்கொண்டு நிற்பார்கள், அவர்களுடைய ஜனங்கள் அப்போதும் பாடிக்கொண்டிருப்பார்கள். எதற்குப் பாடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலேயே பிடித்துவிட்டது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும், காணாமல்போன ஆட்டுக்குக் கீழே, என் முன்னோட்டமும் ஓடியது. 'நாளை நீலச் சட்டை வீரர்கள் களம் காண்கிறார்கள். சிவப்புச் சட்டைத் திமிர் அடங்கும். காணத் தவறாதீர்.'

இதைப் பொறுக்காதவன் ஒருவன் இருந்தான். ஏழுமலை. எனக்குப் பகல் ஷிப்ட், அவனுக்குச் சாயங்கால ஷிப்ட். கண்டமங்கலத்துப் பக்கம் ஊர், அங்கிருந்து பஸ் மாறி வருவான். அவன் சிவப்பு. ஏன் சிவப்பு என்று கேட்டால், "ஜெயிக்கறவன்கூட இருக்கறதுக்கு இன்னாடா காரணம் வோணும்?" என்பான். அந்தப் பதிலுக்காகவே அவனை வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் வீட்டுக்குக் கிளம்பினதும் என் எழுத்தை அழித்துவிட்டுத் தன்னுடையதை ஓடவிடுவான். 'நீலத்துக்கு நாளை பூசை உண்டு.' காலையில் நான் வந்து அதை அழிப்பேன். ஷிப்ட் மாறும்போது வாசலில் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வோம். "அழிச்சிட்டியா?" "அழிச்சிட்டேன்." எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஒரு மே மாதம், லீக்கின் கடைசி வாரம் வந்தது. அந்த லீக்கில் கடைசியாக வருகிறவர்களை அடுத்த வருஷம் இரண்டாம் லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள். நீலம் அந்த விளிம்பில் நின்றது. சனிக்கிழமை தோற்றால் கீழே. எதிரில் யார்? சிவப்பேதான். வெள்ளிக்கிழமை உருகி உருகி எழுதினேன். 'வாழ்வா சாவா' என்றே போட்டேன்.

சனிக்கிழமை காலையில் நான் வேலைக்கு வந்தால் வாசலில் ஒரு பெரியவர் ரோஜா மாலையோடு நிற்கிறார். "ஏம்பா, அந்த வெள்ளைக்காரரு வூடு எந்தத் தெரு? எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் நீல அணியின் கோல் கீப்பர் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'இன்று மாலை ஏழு மணிக்கு நல்லடக்கம். இவண்: சிவப்பு உறவினர்கள்.' பாண்டிச்சேரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால், அவர்களில் ஒருவர்தான் போய்விட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

முதலாளி வந்தார். ஏழுமலையையும் வரவழைத்தார்.

"இன்னாடா நெனச்சிகினு கீறீங்க ரெண்டு பேரும்? போன எடுத்து எடுத்து எனக்குக் காது வலிக்குது. ஒருத்தன் பாடைக்கு மூங்கில் வோணுமான்றான்! ஒரே பேஜாரு. இன்னிக்கு எந்தப் பந்தும் ஓடக் கூடாது."

சொன்னதோடு விடவில்லை. விளையாட்டு ரிசீவரைக் கழற்றி ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெட்டி போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூசியில் அதன் சதுரம் மட்டும் இருந்தது. வேறெங்கே போய்ப் பார்ப்பது? திண்டிவனத்தில் எல்லா வீட்டுக்கும் எங்கள் கம்பிதான். நீலம் பிழைக்குமா விழுமா என்பது எனக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும். ஏழுமலையை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். அவன் என்னைவிடப் பெரிய ஆள் என்பதால் அடங்கிவிட்டேன்.

"விழுப்புரத்துல எங்கக்கா வூட்ல தனிக் குடை வெச்சிகினு கீறாங்க. மூணு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வா" என்றான்.

"உன்கூட எதுக்குடா நான் வரணும்?"

"நீ தோக்கறத நான் பாக்க வாணாமா? நீ இங்க குந்திகினு, நான் அங்க குந்திகினு இருந்தா எனக்கு இன்னா மஜா கீது?"

போனேன். வேறு வழியில்லை. பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம். விக்கிரவாண்டியில் அவன் அவித்த மல்லாட்டை வாங்கி, முழுப் பொட்டலத்தையும் எனக்கு முன்னாலேயே தின்றான். ஒரு கொட்டை நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் வாசனை வந்தது. இன்றைக்கும் மல்லாட்டை அவிக்கிற வாசனை வந்தால் எனக்கு முதலில் பசிப்பதில்லை, கோபம்தான் வருகிறது.

அவனுடைய அக்கா வீடு ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்ததுமே, "ஏன்டா, ரெண்டு பேரும் எழவு வூட்டுக்கு வந்தாப்ல மூஞ்ச வெச்சிகினு கீறீங்க?" என்றார்கள். ஏழுமலை, "எழவுதான்க்கா. அவுங்க வூட்ல" என்று என்னைக் காட்டினான்.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நீலம் உயிரைக் கொடுத்து ஆடியது. அந்த அம்மாகூட, "நீலச் சட்டப் புள்ளைங்க பாவம்டா, எப்டி மூச்சு வாங்குது பாரு" என்றார்கள். முடியப் போகிற நேரம் வரை கோல் இல்லை. சமன் ஆனால் போதும், நீலம் தப்பிவிடும். நான் சுவரில் சாய்ந்து வேண்டாத சாமியையெல்லாம் வேண்டினேன். அப்போதுதான் சிவப்பு ஒன்றைப் போட்டது.

ஏழுமலை குதித்தான். டி.வி.யைப் பார்த்துக் குதிக்கவில்லை, என் பக்கம் திரும்பி, என் மூஞ்சியையே பார்த்துக் குதித்தான். "எடுத்தாச்சு! தூக்கியாச்சு! கண்ணீர் அஞ்சலிடா!" அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தார்கள். அப்போதும் அவன் நிறுத்தவில்லை. அழாமல் இருப்பதற்காகக் கெட்ட வார்த்தையில் அவனைத் திட்டினேன். அவனும் திட்டினான். அக்கா எங்கள் இரண்டு பேரையும் திட்டிச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

ஆடி கழிந்து புது லீக் தொடங்கியது. இரண்டாம் லீக் எந்தச் சேனலிலும் வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எழுத எனக்கு அணி இல்லை. வெறுமனே காணாமல்போன ஆட்டை மட்டும் ஓடவிட்டேன். ராத்திரி ஏழுமலை ஏதாவது போட்டிருப்பான், போய் அழிக்கலாம் என்று மறுநாள் சீக்கிரமே போனேன். ஒன்றுமில்லை. ஆடுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஷிப்ட் மாறும்போது வாசலில் அவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏன்டா ஒண்ணும் எழுதல?"

"யாருக்கு எழுதறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

கறுப்புக் கட்டத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அப்புறம் வீட்டுக்கு வீடு தனிக் குடையும் பெட்டியும் வந்தன. கண்ட்ரோல் ரூமுக்கு வேலை குறைந்தது, முதலாளி விற்றுவிட்டார். அங்கே இப்போது பிரியாணிக் கடை. குடை இருந்த மாடியில் தண்ணீர்த் தொட்டி. காணாமல்போகிற ஆடுகளை இப்போது எங்கே சொல்லித் தேடுகிறார்களோ தெரியவில்லை. ஏழுமலை பாண்டிச்சேரியில் ஏதோ கம்பெனிக்குப் போய்வருகிறான் என்று கேள்வி. அவன் நம்பர் என்னிடம் இல்லை. கேட்கவும் மாட்டேன்.

நீலம் மேலே வந்தது, விழுந்தது, மறுபடி வந்திருக்கிறது. நாளை எட்டு மணிக்கு அதே சிவப்பு. சிவப்பின் தற்காப்பு ஓட்டைப் பானை, அவர்களுடைய கோச்சுக்குச் சட்டை மடிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது, நடுவர் அவர்கள் பக்கம்தான் ஊதுவார், அப்படியும் நீலம் ஜெயிக்கும். முன்னோட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும். எழுதிவிட்டேன். இதை ராத்திரியில் வந்து அழிக்கத்தான் ஆளில்லை.

என் மகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீலம் தோற்றால் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரி, குதி, கண்ணீர் அஞ்சலி போடு. 'பாவம்பா' என்று மட்டும் சொல்லாதே. அந்த ஏழுமலை ஒரு நாளும் என்னை அப்படிச் சொன்னதில்லை.