ஒரே கம்பியில் இரண்டு அட்டைகள்

நான் ட்ரைவர் எழுதுகிறவன். இதைத் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. கண்டியில் ட்ரைவர் வேலை என்றதும் லொறியா பஸ்ஸா என்று கேட்பார்கள். ஓட்டுவதில்லை, எழுதுகிறேன் என்றால், லைசன் எடுத்துக் கொடுக்கிற புரோக்கர் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே வருவார்கள். அம்மா பக்கத்து வீட்டில் நான் கம்பியூட்டர் ஓட்டுவதாகச் சொல்லிவைத்திருக்கிறார். அதுவும் ஒரு கணக்கில் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பெனி. நாலு கதிரை, நாலு பேர். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வெப்பநிலை பார்க்கும் அட்டைகள் செய்துகொடுக்கிறோம். தேயிலை காயும் ட்ரையருக்குள்ளிருந்து வரும் வயர்கள் அந்த அட்டையில் சேரும். அட்டையைக் கம்பியூட்டருக்குள் செருகிவிட்டால் சூடு திரையில் தெரியும், எல்லை தாண்டினால் மணி அடிக்கும். அட்டை பேசுவதைக் கம்பியூட்டருக்குப் புரியவைக்கும் சின்ன நிரல் ஒன்று நடுவில் வேண்டும். அதற்குத்தான் ட்ரைவர் என்று பெயர்.

பன்வில பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்கே ஓர் அட்டை போனபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கே ட்ரையரில் நிற்பவர் என் அக்காவின் புருஷன். மச்சான் என்னை எப்போதும் சீண்டிக்கொண்டே இருப்பார். அட்டையைச் செருகிப் பூட்டிய அன்றைக்கு, இனிமேல் தேயிலை தீய்ந்தால் மச்சினனைத்தான் பிடிக்கவேண்டும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தக் கம்பியூட்டரில் ஏற்கெனவே இன்னோர் அட்டை இருந்தது. தேயிலையின் ஈரம் பார்ப்பது, வெளிநாட்டுச் சரக்கு. அதற்கான ட்ரைவரை அதைச் செய்த கம்பெனிதான் எழுதியது. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியாட்கள் பார்க்க முடியாதபடி மூடிக் கொடுத்திருந்தார்கள். அதை இறக்கி விற்ற கொழும்புக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு எங்கோ போய்விட்டார். பெட்டியில் அட்டை செருக இரண்டே இடங்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே அழைப்புக் கம்பி.

அழைப்புக் கம்பி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கம்பியூட்டர் ஒவ்வொரு அட்டையாகப் போய், ஏதும் சேதி உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. சேதி இருந்தால் அட்டை கூப்பிட வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு ஒரு கம்பி என்றால், கூப்பிட்டது யாரென்று கம்பியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்து வாசலில் நின்று அக்கா என்று குரல் கொடுத்தால் நாலு தலை எட்டிப் பார்க்குமே, அந்தக் கதைதான். ஆகவே உள்ளே எல்லாவற்றையும் மேய்க்கும் கர்னல் என்ற தலைமை நிரல், ட்ரைவர்களை வரிசையாகக் கேட்கும். ஒவ்வொரு ட்ரைவரும் தன் அட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தன் அட்டைதான் கூப்பிட்டதென்றால், சேதியை வாங்கி அழைப்பை அடக்கிவிட்டு, என்னுடையது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால், என்னுடையதல்ல என்று உடனே ஒதுங்க வேண்டும். எல்லோரும் என்னுடையதல்ல என்றுவிட்டு, கம்பி மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், கர்னல் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கும். பிறகு கம்பியையே மூடிவிடும். அதன்பின் நியாயமாகக் கூப்பிடுகிறவனின் குரலும் கேட்காது.

ட்ரைவர்களில் எனக்கு ஆகவே ஆகாத ரகம் ஒன்று உண்டு. அட்டையைப் பார்க்காமலே, யார் கூப்பிட்டாலும் என்னுடையது என்று சொல்லிவிடும். கர்னல் சமாதானமாகிவிடும். புகார் வராது, கம்பி மூடாது. ஆனால் உண்மையில் கூப்பிட்டவன் கூப்பிட்டபடியே கிடப்பான். அப்படி எழுதுகிறவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

முதலில் சில தடவைகள் திரையில் எண் அப்படியே நின்றுபோனது. மச்சான் போன் எடுத்து, "மாப்ள, ஒங்க பொட்டி ஊமையாயிருச்சு" என்பார். அணைத்துவிட்டுப் போடுங்கள் என்பேன். போட்டால் சரியாகிவிடும். உள்ளே பதிவாகியிருப்பதைப் பார்க்க ஒரு நாள் வருகிறேன் என்று டீமேக்கரிடம் கேட்டேன். தொழிற்சாலை அவர் பொறுப்பு. அணைத்துப் போட்டால் ஓடுகிறதே, எதற்கு வீண் அலைச்சல் என்றுவிட்டார். என் முதலாளியும் அதையே சொன்னார். அவர்களுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை, ஆனால் போகச் சொல்ல ஆளும் இல்லை.

நல்ல மழைக்காலத்தில் அது நடந்தது. கொழுந்து நனைந்து வந்ததால் விறகை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. திரையில் எண் அசையாமல் நின்றதால், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. மணி அடிக்கவில்லை. முன்பெல்லாம் ட்ரையர் அறையில் இரண்டு பேர் நிற்பார்கள். கம்பியூட்டர் வந்தபிறகு ஒருவர் போதும் என்று மற்றவரை எடுத்துவிட்டார்கள். காய்ந்த தேயிலையை வண்டியில் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதும் மச்சான் தலையில்தான். அவர் திரும்பி வரும்போது தீய்ந்த வாடை வெளிவாசல் வரை வந்துவிட்டது. ட்ரையர் தட்டுகள் வளைந்து கிடந்தன. அன்றைய தேயிலை முழுக்கக் கரி.

அக்கா போனில் அழவில்லை. "வீட்டுக்கு என்னாகும்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு உடனே விளங்கியது. எங்கள் லயத்து வீடு எங்களுடையதல்ல, தோட்டத்துடையது. வீட்டில் யாராவது ஒருவருக்குத் தோட்டத்தில் பேர் விழுந்தால்தான் வீடு. ஒரு நாள் வேலை பதிவாவதைத்தான் அங்கே பேர் என்போம். அப்பா இறந்துவிட்டார். அக்கா வத்தேகமயில் தையல் வேலைக்குப் போகிறாள். நான் கண்டிக்கு வந்துவிட்டேன். மிச்சம் மச்சான் ஒருவருடைய பேர். அதுவும் போனால் அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் சாமானைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வரவேண்டியதுதான்.

மறுநாள் காலை தோட்டத்து மனேஜர் துரை விசாரிக்கப் போவதாகத் தகவல். எங்கள் கம்பெனியிலிருந்தும் ஆள் வரச் சொன்னார்கள். கிளம்புமுன் முதலாளி போன் செய்தார். எங்கள் அட்டை சரி, எங்கள் ட்ரைவர் சரி, அதைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசாதே என்றார். மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பன்வில பஸ்ஸில் போனேன். வத்தேகம தாண்டியதும் பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

விசாரணைக்கு முன்னால் கம்பியூட்டரைத் திறந்து பார்க்க விட்டார்கள். கர்னல் தன் பதிவில் ஒரே வரி எழுதிவைத்திருந்தது. கூப்பிட்டது, எவரும் பொருட்படுத்தவில்லை, கம்பியை மூடுகிறேன். அது கர்னல் வழக்கமாக எழுதும் வாசகம்தான், பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தீய்ந்த வாடைக்குள் உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி வாசித்தேன். ஈரம் பார்க்கும் அட்டை ஏதோ காரணத்துக்காகக் கூப்பிட்டிருக்கிறது. அந்தக் காரணத்தைப் பார்க்க அதன் ட்ரைவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, என்னுடையதல்ல என்றுவிட்டது. என் ட்ரைவரும் தன் அட்டையைப் பார்த்துவிட்டு, உண்மையாகவே, என்னுடையதல்ல என்றிருக்கிறது. கம்பி மூடியபிறகு என் அட்டை சூடு சூடு என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

ஆபீஸில் துரை கதிரையில் இருந்தார். டீமேக்கரும் விறகு போடுகிறவரும் மச்சானும் நானும் நின்றோம். கெட்ட மனிதரல்ல அவர், மேலே கொழும்புத் தலைமை ஆபீஸுக்குப் பதில் எழுத வேண்டியவர். சிங்களத்தில், இது யாருடைய பிழை என்று டீமேக்கரைக் கேட்டார். தன்னுடையதல்ல, சூடு பார்ப்பதற்கென்றே மெஷின் பூட்டியிருக்கிறது என்றார் டீமேக்கர். விறகு போடுகிறவர், சொன்ன அளவுக்குத்தான் போட்டேன் என்றார். என் பக்கம் திரும்பினார் துரை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கம்பி, அழைப்பு, இரண்டு அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் உங்கள் பிழையா இல்லையா என்றார். எங்கள் அட்டை சரியாகத்தான் கூப்பிட்டது, பிழை மற்ற அட்டையில் என்றேன். மற்ற அட்டைக்கு யார் பொறுப்பு என்றார். அந்தக் கடை இப்போது இல்லை என்றேன். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அந்த அறையில் அது இன்னொரு கைகழுவலாகத்தான் கேட்டது. எனக்கே அப்படித்தான் கேட்டது.

யாருமே பொறுப்பில்லை என்றால் பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டு, முடிவு தெரியும்வரை ட்ரையர் பக்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் பேர் இல்லை என்றார் துரை. வெளியே வராந்தாவில் மற்ற அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

மச்சான் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தாங்க ஐயா. நான் கவனிக்காம வுட்டுட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, பேசாதே என்பது மட்டும் இருந்தது. பேசியிருந்தாலும் மறுபடி அந்தக் கம்பிக் கதையைத்தான் பேசியிருப்பேன். துரை பெருமூச்சு விட்டார். அறையில் எல்லோர் தோளும் இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. ஒப்புக்கொண்டதால் வேலையை விட்டு நிறுத்தவில்லை, இனிமேல் தொழிற்சாலைக்குள் வரக்கூடாது, மலையில் செடி பார்க்கும் வேலைக்குப் போகட்டும் என்று தீர்ப்பு சொன்னார். டீமேக்கர் தலையாட்டினார். வெளியே நின்றவர்கள் வேலைக்குக் கலைந்தார்கள்.

வெளியே வந்ததும் அவரிடம் சண்டை போட்டேன். செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டீர்கள், உங்களுக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"யாராச்சும் ஒருத்தன் ஆமான்னாத்தானே மாப்ள, எல்லாரும் வீட்டுக்குப் போக முடியும்" என்றார். "வீடு நிக்குதுல்ல, வுடு."

வீடு நின்றது. அக்கா அன்றைக்குச் சமைத்தாள், எல்லோரும் சாப்பிட்டோம்.

கண்டிக்கு வந்து ராப்பகலாக உட்கார்ந்து ட்ரைவரை மாற்றி எழுதினேன். இனிமேல் அழைப்புக்குக் காத்திருக்காது. கம்பி மூடிக் கிடந்தாலும் நொடிக்கு ஒரு தடவை தானே போய் அட்டையைக் கேட்கும். அழகான நிரல் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஊமையாகாது. பெட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் புதியதை ஏற்றினால் வேலை முடிந்தது. முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. இப்போது போய் மாற்றினால் முன்பு பிழை இருந்ததாக நாமே சொன்னதுபோல் ஆகாதா என்றார். என் சொந்த லீவில் போகிறேன் என்றேன். அவர் தடுக்கவில்லை, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் டீமேக்கர் எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார். எங்கே பிழை என்றுதான் தெரிந்துவிட்டதே தம்பி, ஆளையும் மாற்றியாயிற்று, கொழும்புக்கு அறிக்கையும் போய்விட்டது, இனி மெஷினைத் தொட்டால் எதற்கென்று மேலே கேட்பார்கள் என்றார். துரையைப் பார்க்கக் கேட்டேன். துரையும் அதையேதான் சொல்வார் என்றார். ஆபீஸ் வாசலில் நெடுநேரம் நின்றேன். உள்ளே விடவில்லை. மச்சான் ஒப்புக்கொண்ட அந்த ஒரு வார்த்தையால் மெஷினில் பிழையே இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. ட்ரையர் அறை வாசலால் பார்த்தேன். புதிய ஆள் ஒருவர், என் வயதிருக்கும், திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். திரையில் எண் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எப்போது நிற்குமென்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

றோட்டோரத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் என்னைக் கண்டதும் கத்தியோடு இறங்கி வந்தார். வெயிலில் கறுத்துப்போயிருந்தார், கை முழுக்கக் கீறல். பெட்டியைச் சரிசெய்யத்தான் நான் வந்தேன் என்பது அக்கா சொல்லி அவருக்குத் தெரியும்.

"என்ன மாப்ள, சரி பண்ணிட்டியா?" என்றார். "இப்ப ட்ரையர்ல நிக்கிறவருக்கு ரெண்டு புள்ளைங்க."

"பண்ணியாச்சு மச்சான்" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி மலையேறிப் போனார்.