தலைமன்னாரில் நிற்காத வான்

நோர்வேக்கு வந்த பிறகு முதன்முதலாகப் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போனபோது, விற்பவர் வீட்டில் இருக்கவில்லை. கார் முற்றத்தில் நிற்கிறது, சாவி முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தார். பேர்கன் நகரத்து மழையில், ஆளில்லாத முற்றத்தில், அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டியே வளர்ந்தவனுக்கு, முகம் தெரியாத ஒருவரின் காரைத் திறக்கக் கை வரவில்லை. அவருக்குத் தொலைபேசி எடுத்து, எனக்குத் தெரிந்த நொர்ஸ்க் மொழியில், "நம்பலாம்தானே?" என்று கேட்டேன். என்னை நம்புகிறாரா என்பதுதான் என் கேள்வி. "தாராளமாக நம்பலாம். எந்தக் குளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆகும்," என்றார் அவர்.

பல வருடங்களுக்குப் பிறகு என் தங்கை றெஜினா ஊரில் மூட்டை ஏற்றும் வான் வண்டி ஒன்றைத் தேடத் தொடங்கினாள். மன்னார் மாவட்டத்தில், சிலாவத்துறைக்குப் பக்கத்தில், அரிப்பு என்ற ஊரில் இருக்கிறாள். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, மீளக் குடியேறிய குடும்பம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. முதலில் கூரையைப் போட்டார்கள். பிறகு படகு வாங்கினார்கள். அவளுடைய கணவர் அந்தோனி கடலுக்குப் போவார். அவள் மீனைக் காயவைத்து வவுனியாவுக்குக் கொண்டுபோய் விற்பாள். கருவாட்டு மூட்டையோடு ஏறினால் பஸ்ஸில் ஆட்கள் மூக்கைப் பொத்துவார்கள். சில நாட்களில் கண்டக்டர் ஏற்றவே மாட்டார். வான் ஒன்று இருந்தால் அயலில் உள்ள பெண்களின் கருவாட்டையும் ஏற்றலாம் என்பது அவளுடைய கணக்கு. முகாமை விட்டு வந்த நாளிலிருந்து சேர்த்ததெல்லாம் அதற்காகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, தொலைபேசியில் படங்கள் அனுப்பினாள்.

"அண்ணா, இந்த வானைப் பாருங்கோ. தலைமன்னாரில நிக்குதாம். உடையவர் வெளிநாட்டில. தன்ர சித்தி வீட்டில விட்டிருக்கிறாராம். அட்வான்ஸ் போட்டால் வேற ஆருக்கும் குடுக்க மாட்டாராம்."

வெள்ளை வான். மற்ற விளம்பரங்களில் கேட்டதில் பாதி விலை. இலக்கத்தகட்டை மறைத்திருந்தார்கள். வேறு யாருக்கோ என்றால் அந்த நிமிடமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் தலைமன்னார் என்ற சொல் என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது. மீன் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளைகளில் அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். வெளியே மலைகளில் முகில் இறங்கும். நான் அந்த வானில் ஏறி, பனைகளுக்கிடையே, மணல் பறக்கும் றோட்டில் ஓட்டிக்கொண்டு போவேன். ஜன்னலால் உப்புக் காற்று வரும். பின்னால் றெஜினாவும் மற்றப் பெண்களும் மூட்டைகளோடு சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முன்னால் மெதுவாகப் போன லொறியை முந்த நினைத்தேன். எதிரே என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. என் முழங்கைப் பக்கம் றோட்டோரப் பற்றைச் செடிகள்தான் இருந்தன. கண்ணை விழித்துப் படத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது.

இலங்கை வாகனத்துக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். அந்தப் படத்தை எத்தனையோ தரம் பார்த்திருந்தும் எனக்கு அது உறுத்தவேயில்லை. இந்த நாட்டு றோட்டுகள் என் கைகளை அவ்வளவுக்கு மாற்றியிருந்தன. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு வெளியே ஒரு இலைகூட இல்லாத மரங்கள் நின்றன.

உடனே றெஜினாவுக்கு எடுத்தேன். காசு போட்டுவிட்டாயா என்று கேட்டேன்.

"நாளைக்கு வங்கிக்குப் போக இருந்தனான்," என்றாள்.

"போடாத. வான் அங்க இல்லை. படம் ஐரோப்பாவில எடுத்தது."

"அவர் அங்க இருக்கிற ஆள்தானே அண்ணா? வேற வானின்ர படத்தை மாறி அனுப்பியிருப்பார். பொய் சொல்லுற ஆள் மாதிரித் தெரியேல்ல. உங்களை மாதிரித்தான் கதைக்கிறார்."

அவளுக்கு அவரும் ஒரு குரல், நானும் ஒரு குரல்.

"சரி, அவர் சொன்ன இடத்துக்கு அந்தோனியை ஒருக்காப் போய்ப் பாக்கச் சொல்லு. அந்த ஆளிட்ட முன்கூட்டிச் சொல்லாத."

அந்தோனி மோட்டார் சைக்கிளில் தலைமன்னாருக்குப் போனார். பழைய இறங்குதுறைப் பக்கம், ஸ்டேஷன் பக்கம், கோயிலடி எல்லாம் விசாரித்தார். அப்படி ஒரு சித்தியும் இல்லை, வானும் இல்லை. வானை வீடியோவில் காட்டுங்கோ என்று றெஜினா கேட்டதற்குப் பிறகு அந்த ஆளின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

காசு தப்பியது. அவள் ஆறுதலடைவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னாள்:

"ஒவ்வொரு நாளும் சாப்பிட்டீங்களா எண்டு கேட்டவர் அண்ணா. கடல் எப்பிடி எண்டும் கேப்பார்."

புலம்பெயர்ந்தவர்களின் குரல் எப்படியிருக்கும், எந்த இடத்தில் இளகும், எந்த இடத்தில் தழுதழுக்கும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் கேட்டுப் பழகியிருக்கிறார். ஊருக்கு உதவ விரும்பும் ஒரு அண்ணனைச் செய்து விற்றிருக்கிறார். அன்றிலிருந்து நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் வானைப் பற்றிப் பிறகு பேசினேன். முதலில், சாப்பிட்டியா என்று கேட்டேன். அவள் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "இப்ப உங்களிலதான் சந்தேகமாக் கிடக்கு," என்றாள்.

மாதங்கள் சென்று முருங்கன் என்ற ஊரில் ஒரு வானை வாங்கினார்கள். பழசுதான், கதவு ஒன்றை இழுத்து மூட வேண்டும். ஆனால் றெஜினா அதைத் தொட்டுப் பார்த்தாள், அந்தோனி ஓட்டிப் பார்த்தார், விற்றவரின் வீட்டில் தேத்தண்ணி குடித்தார்கள். வானை மன்னார்க் கோயிலுக்கு ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோன நாளில், தொலைபேசியை முன்கண்ணாடியில் சாய்த்துவைத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் வேலைத்தளத்து வாசலில், மழைக்குள், என் காரில் இருந்தேன். மன்னார்த் தீவுக்குப் போகும் பாலம் வந்தது. இருபுறமும் ஆழமில்லாத தண்ணீர், வெள்ளையாய் வெயில். பாலத்தின் நடுவில் படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, பாலம் தாண்டிட்டம். டவுனுக்க வந்திட்டம். தெரியுதா?"

"ஓம், தெரியுது," என்றேன். அவர்கள் மன்னாரில் இறங்கிக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. என் கைத்தொலைபேசியில் இன்னும் அந்தப் பாலம்தான், இரண்டு பக்கமும் தண்ணீர்.