ரீகன் கேட்ட ஒரு வரி

1. ஃப்ளெக்ஸ் முந்திக்கொண்டது

புதுக்கோட்டையில் ஒரு கால்பந்து கிளப்புக்குப் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தேன். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஃபார்ம் நிரப்புவது, ஒப்பந்தம் டைப் அடிப்பது, தலைவருக்குக் கோபம் வந்தால் திட்டு வாங்குவது, இவ்வளவுதான். இப்போது கிளப் நடத்த வந்திருக்கும் இளையவர்களுக்காக ஒரே ஒரு ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ரீகன் எங்கள் ஃபார்வர்டு. ஜெகதாப்பட்டினத்துக்காரன். மூன்று சீசன் லீகில் எங்களைத் தூக்கி நிறுத்தியது அவன்தான். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் திருச்சி கிளப் ஒன்று அவனைக் கூப்பிட்டது. எங்கள் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டு வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். ‘எங்கள் சிங்கம் எங்களோடுதான்!’ அதில் ரீகன் படத்தைவிடத் தலைவர் படம் பெரியது.

மறுநாள் காலையில் ரீகன் கிளப் ஆபீசுக்கு வந்தான்.

“என்ன சார், கையெழுத்தே போடல, அதுக்குள்ள போர்டு வச்சிட்டீங்க? ஊர்ல எல்லாரும் போன் பண்ணி வாழ்த்து சொல்றாங்க.”

“நீ போயிருவியோன்னு தலைவருக்குப் பயம்டா” என்றேன்.

“நான் எங்கிட்டும் போகல சார். ஒரே ஒரு வரி சேத்துக் குடுங்க. அடிபட்டா வைத்தியத்தக் கிளப் பாத்துக்கும்னு. திருச்சியில எழுதித் தாராங்க. வலது முட்டி அப்பப்ப வலிக்குது. வீட்டுல இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு.”

நியாயமான பேச்சு. அவன் எதிரிலேயே டைப் அடித்தேன். ஐந்தாவது ஷரத்து.

2. வீட்டுப் பிள்ளை

தலைவர் தாளை வாசித்தார். ஐந்தாவது ஷரத்துக்கு வந்ததும் முகம் சுருங்கியது. குரலில் மட்டும் தேன் ஒழுகியது.

“ஏப்பா ரீகன், ஒனக்கு ஒண்ணுன்னா நான் விட்ருவனா? ஒன் கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து நின்னது யாரு? வீட்டுப் புள்ளைக்குப் பேப்பர் எதுக்குய்யா? எழுத்தெல்லாம் வெளியாளுக்குத்தான்.”

நம் பக்கத்தில் இதற்கு மேல் ஒருவன் வாய் திறக்க முடியாது. எழுதித் தரக் கேட்டால் ‘என்னை நம்பலையா’ என்று மனத்தாங்கல் வந்துவிடும். ரீகன் என் பக்கம் திரும்பினான்.

“நீங்க என்ன சார் சொல்றீங்க?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “போடுப்பா, நான் இருக்கேன்ல” என்றேன். அவன் தலைவரை நம்பவில்லை, என்னைத்தான் நம்பினான். ஐந்தாவது ஷரத்தை எடுத்துவிட்டு வேறு தாள் அடித்தேன். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்தானது. தலைவர் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டார்.

3. “அது நம்ம மேட்ச் இல்லையே”

அடுத்த சில மாதத்தில் ஆவுடையார்கோவில் பக்கம் தலைவரின் சம்பந்தி பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஒரு செவன்ஸ் போட்டி வைத்தார். கூட்டம் வர வேண்டும் என்று ரீகனை அனுப்பச் சொன்னார் தலைவர். முட்டி வலி என்று அவன் சொன்னதை நான் போய்ச் சொன்னேன். “வீட்டுப் புள்ள, நம்ம வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டானா?” என்று கேட்டார். போனான். கட்டாந்தரை. இரண்டாவது பாதியில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. முட்டியில் லிகமென்ட் அறுந்துவிட்டது, ஆபரேஷன் பண்ணினால்தான் மறுபடி விளையாடலாம் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் செலவைக் கேட்டுத் தலைவரிடம் ஓடினேன்.

“அது நம்ம கிளப் மேட்ச் இல்லையேய்யா.”

“நீங்கதானே அனுப்பச் சொன்னீங்க?”

“சொன்னேன். வரமாட்டேன்னு அவன் சொல்லியிருக்கலாம்ல? ஒப்பந்தத்துல எங்க இருக்கு, காட்டுய்யா பாப்போம்.”

அடப்பாவி! காட்டுவதற்கு எங்கே போவேன்? எடுத்தவனே நான்தானே. ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. நான் கமிட்டியில் கத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அந்த நாற்காலி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

4. ரிலீஸ் லெட்டர்

பொன்னமராவதியிலிருந்து புது ஃபார்வர்டு ஒருவனைப் பிடித்தார்கள். லீக் ரெஜிஸ்ட்ரேஷன் பட்டியலில் அவனுக்கு இடம் வேண்டும், ரீகனை எடுத்துவிடு என்றார் தலைவர். அவனை விடுவிக்கிற லெட்டரை எடுத்துக்கொண்டு நானே ஜெகதாப்பட்டினம் போனேன். ரீகன் ஒரு ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான்.

“வாங்க சார். டீ சொல்லட்டா?”

லெட்டரை நிதானமாக வாசித்தான். ‘காயம் தொடர்பாகக் கிளப்பிடம் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி. டைப் அடித்தது நான்தான். அவன் விரல் அதில் நின்றது.

“இத மட்டும் மறக்காம எழுதிட்டீங்களே சார்.”

நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

“இதுல போட்டாத்தான் வேற எங்கிட்டாச்சும் வெளையாட முடியும், இல்லையா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான். டீ வந்தது. லெட்டரை மடித்துப் பையில் வைத்தேன்.

தம்பிகளே, ஓர் ஆட்டக்காரனை ‘வீட்டுப் புள்ள’ என்று எவன் சொன்னாலும், அந்த ஆட்டக்காரன் கேட்கிற வரியை முதலில் தாளில் ஏற்றுங்கள். ‘நான் இருக்கேன்ல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். நானும் இருந்தேன். இருந்து என்னத்தைக் கிழித்தேன்?