கரி இருந்த டப்பா

எழுபதுகளின் நடுவில் இரண்டு வருடம் தூத்துக்குடியில் கார் ஓட்டினேன். அதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை; காரணமே இல்லாமல் கிளம்பிவிடுவேன். இங்கே தங்கியதற்குக் காரணம் முத்தையாபுரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். கடற்கரைக்காரன், என் வயது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு.

முதலாளிக்கு உப்பளம். சுங்க ஏலத்தில் வெளிநாட்டுக் கார் ஒன்று எடுத்திருந்தார். இடது பக்கம் ஸ்டீயரிங். எது எதற்கு என்று சொல்ல அந்த ஊரில் ஆள் கிடையாது.

நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரம் கார் அவன் பட்டறையில் சர்வீசுக்கு நின்றது. திரும்ப எடுத்தபோது ஐட்லிங் கெட்டிருந்தது. ரயில்வே கேட்டில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி குலுங்கி அணைந்துவிடும். கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை.

"ஏதும் கழட்டினியால?" என்று கேட்டேன்.

"பிளக்கத் தொடச்சேன், ஆயில் மாத்தினேன். மாதா மேல ஆணையா வேற ஒண்ணும் தொடல."

நம்பினேன். இரண்டு மாதம் சேர்ந்தே தேடினோம். பாயின்ட்டைத் தேய்த்தோம். கார்ப்பரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினோம். நட்டு வேண்டும்போதெல்லாம் அவன் ஒரு கறுப்பு டப்பாவை என் பக்கம் தள்ளுவான். மூடியை வெட்டி எடுத்திருந்தான். பக்கத்தில் குழாய் செருகுகிற மாதிரி இரண்டு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும்.

"வெள்ளக்காரன் வண்டிக்கு நம்ம உப்புக்காத்து சேரல மாப்ள" என்பான். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார்.

"ஏலே, பெட்ரோல வண்டி குடிக்கா, நீ குடிக்கியா?"

"வண்டில கோளாறு இருக்கு அண்ணாச்சி."

"மெக்கானிக்கக் கேட்டுட்டேன். வண்டில ஒண்ணும் இல்ல, டிரைவரக் கேளுங்கன்னு சொல்லுதான். நாளைக்குள்ள பதில் சொல்லு. இல்லன்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துருவேன்."

அவன் அப்படிச் சொல்லியிருப்பான் என்று அப்போதும் தோன்றவில்லை. முதலாளி போட்டு வாங்குகிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை மில்லர்புரத்தில் முதலாளி வீட்டு முற்றத்தில் டேங்கை நிரப்பி, வெயிலில் நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்தேன். டேங்க் சூடேறியதும் முன் சக்கரத்துக்குப் பின்னால் சொட்டு விழுந்தது. டேங்கிலிருந்து வந்த ரப்பர் ஹோஸ் ஒன்று வாய் திறந்து தொங்கியது. கார்ப்பரேட்டரிலிருந்து இறங்கிய இன்னொரு ஹோஸில் மரக்கட்டை செருகி, வலை நூலால் இறுக்கியிருந்தது. சூட்டில் கட்டை சுருங்கியிருந்தது. இஞ்சினை ஓடவிட்டு விரலை வைத்தேன், காற்றை இழுத்தது. அந்த முடிச்சு அவன் போடுவது. இரண்டு ஹோஸுக்கும் நடுவில், எதையோ பிடித்திருந்த பட்டைபோல் வட்டமாக ஒரு காலிக் கிளாம்ப். விரல்களை அகட்டி அளந்து பார்த்தேன். இரண்டு மாதமாக நட்டு எடுக்கக் கை விட்ட டப்பாவின் அகலம் அது.

யோசிக்காமல் வேலையைப் பார்த்தேன். கட்டையைப் பிடுங்கிவிட்டு போல்ட் ஒன்றைச் செருகி இறுக்கினேன். தொங்கிய ஹோஸை உயரத் தூக்கிக் கட்டினேன். காலை எடுத்த பிறகும் இஞ்சின் அணையாமல் நூல் பிடித்ததுபோல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில், ஒழுகியதை முதலாளிக்கு முதலில் காட்டியிருக்க வேண்டும் என்பது மறந்துபோனது.

உப்பளத்துக்குப் போகும் வழியில் அவரோடு பட்டறையில் நிறுத்தினேன். டப்பாவில் இருந்த நட்டைக் கொட்டிவிட்டுக் கிளாம்பில் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது.

முதலாளி அவனைப் பார்த்தார். "இது இந்த வண்டில இருந்ததாடே?"

அவன் கை துடைத்துக்கொண்டே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. "ஹார்பர் குப்பைல பொறக்கினது அண்ணாச்சி. டப்பான்னா எந்தக் கிளாம்ப்லயும்தான் உக்காரும்."

"இந்தத் தகர டப்பா இல்லாததுக்கு பெட்ரோல் எப்படில காணாமப் போவும்?" என்று என்னிடம் திரும்பினார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டேங்கில் எழும் ஆவியை அந்த டப்பாவில் உள்ள கரி பிடித்து வைக்கும், ஓடும்போது இஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று பிற்பாடு ஒரு கப்பல் இஞ்சினியர் சொல்லித்தான் தெரிந்தது.

"நேத்து போலீஸுன்னேன். இன்னைக்கு வண்டி சரியாயிட்டு. நல்லாருக்குல" என்றார். பெட்ரோலைத் திருடியது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார். சாவியைக் கொடுத்தேன்.

அவன் சாலை வரைக்கும் பின்னாலேயே வந்தான்.

"தொறந்து பாத்தேம்ல. உள்ள பூராவும் கரி. கொட்டிப்போச்சு. அந்தச் சாமானுக்கு நான் எங்க போவேன்? அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா பட்டறைய மூட வச்சிருவாரு. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. நீ ஒத்தக்கட்ட. எங்க போனாலும் பொழச்சுக்கிடுவ."

அவன் சொன்னது பொய்யில்லை. பிழைத்துக்கொள்வேன் என்று எனக்கும் தெரியும். பஸ் ஏறினேன்.

கயத்தாற்றில் ஒரு லாரி ஷெட்டில் வேலை கேட்டேன். "தூத்துக்குடியில என்ன செஞ்சீரு, ஏன் விட்டுட்டு வந்தீரு?" என்று கேட்டார் அங்கிருந்த பெரியவர். எந்த ஊரை விட்டு வந்தாலும் அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"சும்மாதான் அண்ணாச்சி" என்றேன். முதல் தடவையாக அது பொய்யாக இருந்தது.