எர்மின் பேசிய பலூன்

எங்கள் தீவில் மலைமேல் இருந்த அமெரிக்க ரேடார் நிலையத்துக்குத் தினமும் ஆட்களை ஏற்றிப் போகும் லாரியை நான்தான் ஓட்டினேன். கேரனேஜ் முனையில் முதலில் ஏறுபவள் எர்மின் பியர். ஏறியதும் என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொள்வாள்.

"உன் தொப்பைக்குத்தான் நல்லதுடா, லைனஸ்" என்பாள்.

அங்கே அவளுக்குக் குழாய் துடைக்கும் வேலை. ரேடாரின் நுண்ணலைகள் சதுரச் செப்புக் குழாய் வழியாகத்தான் பெரிய ஆன்டெனாத் தட்டுக்குப் போகும். குழாய்க்குள் ஈரம் சேர்ந்தால் மின்பொறி பறந்து எல்லாம் நின்றுவிடும். அதனால் உலர்ந்த காற்றை அதில் ஓயாமல் செலுத்துவார்கள்.

1960 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் ராக்கெட்டில் வைத்து ஒரு ராட்சத பலூனை விண்வெளிக்கு அனுப்பினார்கள். நாங்கள் அனுப்பும் குரல் அதில் பட்டுத் தெறித்து நியூயார்க்கில் கேட்க வேண்டும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பு குழாயில் மின்பொறி பறந்தது. இன்ஜினியர் ஹாலிஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

எர்மின் போய் நின்றாள். "ஐயா, துணி ஈரமா வருது. உள்ள காத்து ஓடல."

"காத்து மீட்டர் முள்ளு சரியாத்தானே காட்டுது?"

"முள்ளு உள்ள கைய விட்டுப் பாத்துச்சா?"

நாங்கள் சிரித்தோம். ஹாலிஸ் சிரிக்கவில்லை; ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். எர்மினே ஏறினாள். தட்டுக்கு அருகே காற்று வெளியேறும் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் குத்தியதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் அவள் கீழே பார்த்தாள், கால் வரவில்லை. ஹாலிஸே ஏறிப்போய், படிப்படியாகப் பேசிப் பேசி இறக்கிவிட்டார்.

சோதனையன்று அவர் மைக்கை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசுங்க, மிஸ் எர்மின்."

"யாரு கேப்பா?"

"நியூயார்க்குல எங்க ஆளுங்க."

"என் தங்கச்சியும் அங்கதான் இருக்கா" என்றவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "மிர்ட்டில், நாலு வருசமா ஒரு கடுதாசி இல்ல. செத்தியா இருக்கியா?" தங்கையின் புரூக்ளின் விலாசத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

அங்கே கேட்டுக்கொண்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் அந்த விலாசத்தைத் தேடிப் போயிருக்கிறார். மூன்றாவது வாரம் மிர்ட்டிலிடமிருந்து கடிதம் வந்தது. எர்மின் அதை லாரியிலேயே உரக்கப் படித்தாள்: "என் மானத்த வாங்குறதுக்கு வானத்துக்கா போகணும்? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நீ திட்டுவியேன்னுதான் எழுதல."

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அன்று என் ரொட்டியை அவள் தொடவே இல்லை.